வீட்டு நாய் கடித்தால் உரிமையாளரிடம் நஷ்டஈடு கேட்பது எப்படி?

முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள் சுண்ணாம்பெல்லாம் வேண்டாம், உடனே காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கே அந்தச் சீட்டில்தான் நிற்கும். அப்புறம் காயத்தையும் நாய் வெளியே வந்த வாசலையும் படம் எடுங்கள். நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், முகப்பைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துபோட்டு, "கட்டித்தானே வைத்திருந்தோம்" என்பார்கள். காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291-ஆம் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுங்கள்: ஆபத்து வராதபடி விலங்கைப் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மருத்துவச் செலவு, போன கூலி இதற்கெல்லாம் சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போட வேண்டும். பங்காளி வீட்டு நாயா? சரி, பேசி முடியுங்கள், ஆனால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.