கேபின் பெட்டி நீண்ட நாள் உழைக்க: சக்கரம், ஜிப், கைப்பிடி

கடின மேலோடு கொண்ட கேபின் பெட்டி மூலையில் ஒதுக்கப்படும் நாளில், அதன் மேலோடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சக்கரம் ஒன்று தேய்ந்து சாய்ந்திருக்கும், ஜிப் ரன்னர் வாய் பிளந்திருக்கும், அல்லது இழுவைக் கைப்பிடி மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் பாதியில் சிக்கியிருக்கும். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் தட்டிப் பார்ப்பதெல்லாம் மேலோட்டைத்தான். மாதம் இரண்டு முறை காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் சென்னைக்கும், அவ்வப்போது திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பெட்டியின் அசையும் உறுப்புகளைக் கழற்றி மாற்ற முடியுமா?

அதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பெட்டியைத் திறந்து உள்துணியைப் பாருங்கள். துணியில் சிறிய ஜிப் இருந்தால் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். சக்கரக் கூடும் கைப்பிடிக் குழாயும் ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருந்தால் அந்தப் பெட்டியைப் பழுது பார்க்க முடியும். ரிவிட் மட்டுமே அடித்திருந்தால் ஒவ்வொரு பழுதுக்கும் துளை போட்டு எடுக்க வேண்டும். துணியையே மேலோட்டோடு ஒட்டிவிட்டிருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

எடையிலும் நிதானம் வேண்டும். உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக்குப் பொதுவாகக் கைப்பை வரம்பு 7 கிலோ என்பதால், காலிப் பெட்டி எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். ஆனால் எடையைக் குறைக்கக் கம்பெனி மெலிதாக்குவது குழாயையும் சக்கரக் கூட்டையும்தான். அடிக்கடி பயணிப்பவருக்கு இரண்டரை முதல் 3 கிலோ வரையுள்ள பெட்டி சரியாக வரும். அளவு எடுக்கும்போது சக்கரத்தையும் மேல்கைப்பிடியையும் சேர்த்தே அளக்க வேண்டும். விமான நிலையத்தில் அளவு பார்க்கும் சட்டகத்துக்குள் பெட்டி இறங்காவிட்டால் அது சரக்கு அறைக்குப் போகும். அங்கே ஒரு தடவை படும் அடி, மேலே வைத்துக் கொண்டுபோகும் பல பயணங்களின் அடிக்குச் சமம்.

மேலோட்டுக்கு மூன்று பிளாஸ்டிக்குகள் புழங்குகின்றன. பாலிகார்பனேட் அழுத்தினால் உள்ளே குழிந்து மீண்டு வரும். அடியைத் தாங்குவதில் இதுதான் முதலிடம். பாலிபுரொப்பிலீன் இலேசானது, வளைந்து கொடுக்கும், ஆனால் உடைந்தால் எந்தப் பசையும் அதில் எளிதில் ஒட்டாது. ஏபிஎஸ் விலை குறைவு, விறைப்பாக இருக்கும். அடிபட்ட இடம் முதலில் வெளுத்து, பிறகு கீறல் விடும். பட்டியலில் ‘பிசி–ஏபிஎஸ் கலவை’ (பிசி என்பது பாலிகார்பனேட்) என்று போட்டிருந்தால் எது எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏபிஎஸ் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பளபளப்பை விடச் சொரசொரப்பான மேற்பரப்பில் கீறல் தெரியாது.

செம்மண்ணும் சக்கரமும்

செட்டிநாட்டுப் பக்கத்துப் பெட்டிகளுக்கு முதல் எதிரி செம்மண். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊர்த் தெருவில் இழுத்தாலும் நுண்ணிய செந்தூசி சக்கரத்தின் அச்சுக்குள் புகும். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்து, அச்சையும் பேரிங்கையும் அராவித் தின்றுவிடும். இதோடு தலைமுடியும் பூக்கட்டிய நாரும் நூலும் அச்சில் சுற்றிக்கொள்ளும். சக்கரம் சுழலாமல் உரசிக்கொண்டே போனால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது உருளாது.

ஐந்தாறு பயணத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி இதைச் செய்யுங்கள். 20 நிமிடம் போதும். காய்ந்த பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டுங்கள். சுற்றியிருக்கும் முடியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி, இடுக்கியால் இழுத்து எடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் அச்சின் இரு முனையிலும் சிலிக்கோன் ஸ்ப்ரே ஒரே ஒரு பீய்ச்சு. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் வேண்டாம். பிசுக்கேறித் தூசியைப் பிடித்து வைக்கும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட்டுப் பாருங்கள். மூன்று சுழல, ஒன்று உடனே நின்றுவிட்டால் அதில்தான் கோளாறு.

வீட்டுக்குள் வரும்போதும் சக்கரத்தைத் துடைப்பது நல்லது. இங்கே தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல் மேல்பூச்சு இல்லாத சிமெண்ட் ஓடு. சக்கரத்தில் பதிந்த மணல் அதில் கோடு போடும். செட்டிநாட்டு வீடுகளில் வளவுக்கும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) அதற்குப் பின்னாலுள்ள இரண்டாம் கட்டுக்கும் நடுவே உயர்ந்த நிலைப்படிகள் இருக்கும். அவற்றில் பெட்டியை இடித்து ஏற்றாமல் தூக்கித் தாண்டுங்கள். நான்கு சக்கரப் பெட்டியில் சக்கரம் மேலோட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் நிலைப்படி அடி முழுவதும் சக்கரக் கூட்டின் கழுத்தில் விழும். தெருவில் நெடுந்தூரம் இழுக்கிறவருக்கு, சக்கரம் பாதி உள்ளே பதிந்த இரண்டு சக்கரப் பெட்டியே நீடிக்கும். இப்போது அந்த வகை குறைவு, கிடைத்தால் விடாதீர்கள்.

தேய்ந்த சக்கரத்தை மாற்றலாம். பழைய சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். அச்சு பல பெட்டிகளில் 6 மில்லிமீட்டர். அச்சு ரிவிட்டாக இருந்தால் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை விட்டு அறுக்க வேண்டும்; கூட்டில் பிளேடு படாமலிருக்க மெல்லிய தகரத்தைச் செருகிக்கொள்ளுங்கள். புதுச் சக்கரத்தை வைத்து, இரு பக்கமும் வாஷர் போட்டு, போல்ட்டை லாக் நட்டால் இறுக்குங்கள். முழுக்க இறுக்கினால் சக்கரம் சுற்றாது. இறுக்கிக் கால் சுற்று தளர்த்துங்கள். சாதா நட்டு போட்டால் அதிர்வில் கழன்று ரயிலடியில் விழுந்துவிடும். சக்கரத்தை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். பழையதை விடப் பெரிய விட்டம் வாங்கினால் கூட்டில் உரசும்.

ஜிப்

சுருள் ஜிப்பின் பல் பழுதாவதை விட ரன்னர் தேய்வதே அதிகம். ரன்னர் நகர்ந்த பின்னாலேயே ஜிப் திறந்துகொண்டால் அதன் வாய் அகன்றுவிட்டது என்று பொருள். குறடால் ரன்னரின் இரு பக்கத்தையும், முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று மெதுவாக அழுத்துங்கள்; ஓங்கி அழுத்தினால் வார்ப்பு உலோகம் நொறுங்கிவிடும். இரண்டு தடவை அழுத்தியும் திறந்தால் ரன்னரை மாற்ற வேண்டும். அதன் பின்பக்கத்தில் 5, 8, 10 என்று எண் இருக்கும். அதே எண்ணில் வாங்குங்கள். ஓட்டம் இறுகினால் மெழுகுவர்த்தியைப் பல்லில் தேய்த்தால் போதும், எண்ணெய் கூடாது.

ஜிப்பை அதிகம் கெடுப்பது திணிப்பு. மணகோலம், சீப்புச் சீடை போன்ற பலகாரங்களை டப்பா டப்பாவாக அடுக்கிவிட்டு, மூடியின் மேல் உட்கார்ந்து இழுக்கும்போது மூலைகளில் தையல் விடும். மூடி தானாகப் பொருந்தி, இரண்டு விரலால் ரன்னர் ஓட வேண்டும். அதுதான் அளவு. நெய், ஊறுகாய் எதுவானாலும் கசிந்தால் உள்துணியோடு ஜிப் நாடாவிலும் ஏறி எறும்பு வரும். இரட்டைக் கவரில் கட்டாமல் வைக்காதீர்கள். வெளிநாட்டு விமானமென்றால் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைப் பொதுவாகக் கைப்பெட்டியில் வைக்க முடியாது.

கைப்பிடி

இழுவைக் கைப்பிடி இழுப்பதற்கு மட்டும்தான். ரயில் படியில் ஏறும்போது அதைப் பிடித்துத் தூக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் வளையும். இம்மி வளைவு போதும், உள்குழாய் சிக்கிக்கொள்ளும். படிக்கட்டு வந்தால் கைப்பிடியை இறக்கிவிட்டு மேல்கைப்பிடியிலும் பக்கக் கைப்பிடியிலும் தூக்குங்கள். கொஞ்சம் ஆடுவது குறையில்லை. பொத்தானை அழுத்தியும் குழாய் அசையாவிட்டால், வலுக்கட்டாயமாக இழுக்காமல் தலைகீழாகப் பிடித்துத் தட்டி மணலை உதிருங்கள், குழாயைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பொத்தான் அழுத்தும்போது ‘டக்’ என்ற சத்தமே இல்லையென்றால் குழாய்க்குள் இருக்கும் கம்பியோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. கைப்பிடித் தொகுப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

கீறல் விட்ட மேலோடு

கீறல் நீளாமல் தடுப்பதுதான் முதல் வேலை. அதன் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கூர்முனை வட்டமானதும் இழுவிசை பரவி, கீறல் நின்றுவிடும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் என்றால் உள்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கண்ணாடியிழைத் துணியை இரட்டைப் பசையில் (இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் எபாக்சி) நனைத்து, கீறலைச் சுற்றி 3 சென்டிமீட்டர் தாண்டும்படி ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். பாலிபுரொப்பிலீனுக்கு இது உதவாது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து, வாஷர் போட்டுப் பாப் ரிவிட் அடிக்க வேண்டும். பெயிண்ட் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மேலோட்டில் படவே கூடாது. ஏபிஎஸ் கரையும், பாலிகார்பனேட் நுண்கீறல் விடும். வெந்நீரும் ஷாம்பும் போதும்.

சரக்கு அறைக்குப் போன பெட்டி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிவு செய்து எண் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். விமானம் ஏறும் வாசலில் கைப்பெட்டியைச் சரக்கு அறைக்கென்று வாங்கிக்கொள்கிறார்கள் என்றால் பவர் பேங்க்கை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

வைக்கும் இடம்

பயன்படுத்தாமல் வைத்தால் பெட்டி புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது தவறு. பாலியூரிதேன் சக்கரமும் உள்துணியின் பூச்சும் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். இரண்டு மூன்று ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டினால் சில பெட்டிகளின் சக்கரம் கையில் பிடித்தாலே உதிரும். பரணில் ஓட்டின் சூடும், மாடியில் வெயிலும் படும், இரண்டும் வேண்டாம். காற்றோட்டமான அறையில் நிமிர்த்தி வைத்து, ஜிப்பைக் கால்வாசி திறந்து, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பாச்சை உருண்டை நேரடியாகப் பிளாஸ்டிக்கில் படக் கூடாது. பூட்டு எண்ணை 000-க்குத் திருப்பிவிட்டு, மாதம் ஒரு முறை வெளியே எடுத்து வளவைச் சுற்றி இரண்டு தடவை உருட்டுங்கள்.