பேரப்பிள்ளைகளுக்குக் கம்பளி நூலில் ஒரு குடில்

இயேசுவின் பிறப்பைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்கெனத் தஞ்சாவூர்க் கடைகளில் வாங்கும் பிளாஸ்டர் உருவங்கள் குழந்தைகளின் கையில் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே எடுத்து விளையாடுவதற்கென ஒரு குடிலைக் கம்பளி நூலில் பின்னிக் கொடுக்கலாம்.

மாதாவுக்கு, 3 மி.மீ. ஊசியில் 30 கண்ணிகள் ஏற்றி, ஒரு வரிசை நேராகவும் மறுவரிசை புரட்டியுமாக, நீல நூலில் 26 வரிசைகளும் முகத்துக்கு மாநிற நூலில் 14 வரிசைகளும் பின்ன வேண்டும். கடைசிக் கண்ணிகளை மூடாமல் அவற்றினூடே நூலைக் கோத்து இறுக்கினால் உச்சந்தலை அமையும். முதுகுப்பக்கத்தைத் தைத்து இலவம்பஞ்சு அடைத்தபின், நிறம் மாறும் வரிசையில் நூலோட்டிச் சுருக்கினால் கழுத்து உருவாகிவிடும். பின்னல் தளர்ந்திருந்தால் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். கார்த்திகை மழையில் டெல்டாவின் காற்றே ஈரமாக இருக்குமாதலால், பஞ்சை முன்னதாகவே வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வது நல்லது. அடியில் வட்டமான அட்டை வைத்துத் தைத்தால் உருவம் சாயாமல் நிற்கும்.

மாதாவின் கணவர் சூசையப்பருக்கும் இடையர்களுக்கும் நிறமும் தாடியும் மட்டுமே வேறுபடும். குழந்தை இயேசுவுக்கு 16 கண்ணிகள் போதும். கண்களுக்கு மணியோ பொத்தானோ கூடாது, சிறு குழந்தைகள் பிய்த்து விழுங்கிவிடக்கூடும் என்பதால், கறுப்பு நூலில் முடிச்சுத்தையல் போடுவதே பாதுகாப்பானது. தீவனத் தொட்டியில் பரப்பக் குறுவை வைக்கோல் ஒரு பிடி போதும். ஒட்டகத்தைப் பின்ன நான் இதுவரை துணியவில்லை; எங்கள் வீட்டு மூன்று ஞானிகள் நடந்தேதான் வருகிறார்கள்.