பள்ளிவாசல் ஜமாஅத்தோட சேர்ந்து மனநல வேலை செய்யணும்னா

முதல்ல ராமநாதபுரம் மாவட்டத்துல தர்கா இருக்குற ஏர்வாடியோட கதைய தெரிஞ்சுக்கோங்க. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலைல அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அதுக்கப்புறமும் ஜனங்க தர்காவுக்குப் போறது நிக்கல, கடைசில அரசாங்கமே தர்கா பக்கத்துலயே டாக்டர உக்கார வச்சு மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே நடக்கட்டும்னு இறங்கி வந்துச்சு. நம்ம வழியும் அதான்.

போன உடனே ஜும்ஆ பயான்ல, அதாவது வெள்ளிக்கிழமை தொழுகை பிரசங்கத்துல, பேச டைம் கேக்காதீங்க. அஸர் (சாயங்காலத் தொழுகை) முடிஞ்சு பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்துகிட்ட உக்காந்து, ஓதிப் பாக்க எப்படிப்பட்டவங்க வர்றாங்க, என்ன சொல்றாங்கன்னு பேர் இல்லாம கேளுங்க. ஊர்ல யாருக்கு தூக்கம் வரல, யாருக்கு காதுல குரல் கேக்குதுன்னு ஆரம்ப சுகாதார நிலையத்த விட அவருக்குத்தான் முதல்ல தெரியும். ஜின் இருக்கா இல்லையான்னு வாதம் பண்ணிட்டா அன்னைக்கே கதவு சாத்திடும். ஓதுங்க ஹஜ்ரத், ஆனா நாள்கணக்கா தூங்காதவங்க, சாகணும்னு பேசுறவங்கள அன்னைக்கே எங்ககிட்டயும் அனுப்புங்கன்னு சொல்லி 14416 நம்பர எழுதிக் குடுத்துட்டு வாங்க, அது டெலி மானஸ்ங்குற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது. சங்கிலி விஷயத்துல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது குத்தம்.

ஒளு எடுத்துக்கிட்டே, அதாவது தொழுகைக்காக திரும்பத் திரும்ப கை கால் கழுவிக்கிட்டே இருக்குற பையன வீட்டுல பக்திமான்னு நெனச்சுட்டு இருப்பாங்க, அது ஓசிடியா, அதாவது செஞ்சதையே திரும்பத் திரும்ப செய்ய வைக்குற மனநோயா கூட இருக்கலாம், அத ஹஜ்ரத் வாயால சொன்னாதான் எடுபடும்.

கேம்ப தர்காவுல வச்சா தர்கா வழிபாட்ட ஏத்துக்காத தவ்ஹீத் ஆளுங்க வரமாட்டாங்க, அவங்க மர்கஸ்ல (அவங்க மையத்துல) வச்சா மத்தவங்க வரமாட்டாங்க, அதனால கல்யாண மண்டபமோ ஸ்கூலோ பாருங்க. பேனர்ல மனநலம்னு பெருசா போட்டா பொண்ணு கேட்டு யாரும் வரமாட்டாங்கன்னு பயந்தே பாதிப் பேர் ஒதுங்கிடுவாங்க, பொது மருத்துவ முகாம்னு போட்டு உள்ள ஒரு ரூம் ஒதுக்குங்க. பொம்பளைங்களுக்கு பெண் கவுன்சிலர் கட்டாயம், புருஷன் சவூதில இருக்குற வீடுகளும் இத்தா (புருஷன் இறந்தாலோ தலாக் ஆனாலோ பொண்ணு இருக்குற காத்திருப்புக் காலம்) இருக்குற வீடுகளும் மண்டபத்துக்கு வராது, நீங்கதான் போகணும்.

ரமலானுக்கு ஒரு மாசம் முன்னாடியே, ஷஃபான்லயே, மாத்திரை சாப்பிடுறவங்க லிஸ்ட் எடுத்துடுங்க. நோன்புன்னு மாத்திரைய தானா நிறுத்துறவங்கதான் அதிகம். சஹர் (விடியக்காலை சாப்பாடு), நோன்பு திறக்குற நேரத்துக்கு மாத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, லித்தியம்ங்குற மனநல மருந்து எடுக்குறவங்க தண்ணி குடிக்காம இருந்தா ரத்தத்துல அளவு ஏறி ஆபத்தாயிடும். நோயாளிக்கு நோன்புல சலுகை குர்ஆன்லயே இருக்கு, அத நாம சொன்னா ஏத்துக்க மாட்டாங்க, ஜும்ஆ மேடைய ஹஜ்ரத்துகிட்ட கேக்க வேண்டிய நேரம் இதான்.