எட்டுத் திருநாளுக்கு எட்டுச் சீட்டு: டாரட்டைப் பருவத்தோடு சேர்த்துப் படிக்கும் முறை

டாரட் சீட்டுகளைக் கையில் எடுப்பவர்களில் பலர் எதைக் கேட்பது என்று தெரியாமல்தான் சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறார்கள். தினமும் காலையில் "இன்று என்ன நடக்கும்" என்று கேட்டுக்கொண்டிருந்தால், எழுபத்தெட்டுச் சீட்டுகளும் சில வாரங்களில் ஒரே மாதிரி தோன்றத் தொடங்கும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இயற்கையை வழிபடும் இன்றைய பேகன் வழியினர் கொண்டாடும் எட்டுப் பருவத் திருநாள்களை டாரட்டோடு இணைத்துக்கொண்டால், கேள்வியைப் பருவமே கொடுத்துவிடுகிறது. நான் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சீட்டின் பொருளையும் இங்கே விளக்கப்போவதில்லை; கட்டோடு வரும் சிறு கையேடு அதற்குப் போதும்.

தொடங்கும்முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்விரண்டையும் "பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ஞானம்" என்று கூவி விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. அதை வைத்துக் குறி பார்க்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிலிருந்து பரவியது. திருநாள்களில் சௌயின், இம்போல்க், பெல்டேன், லூனசா ஆகிய நான்கும் அயர்லாந்தின் இடைக்கால இலக்கியத்திலேயே வருகின்றன. ஆனால் அவற்றோடு பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் இருக்கும் கதிர்த்திருப்ப நாள்கள் இரண்டையும், பகலும் இரவும் சமமாகும் நாள்கள் இரண்டையும் சேர்த்து எட்டு ஆரங்கள் கொண்ட ஒரே சக்கரமாக்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில்தான். ஒஸ்தாரா, லித்தா, மேபன் என்ற பெயர்களை இந்தச் சக்கரத்தில் 1970களில் ஏற்றியவர் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர். பழமை குறைவு என்பதால் பயனும் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

படி 1: கட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஆர்தர் எட்வர்ட் வெயிட் வடிவமைக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டையே வாங்குங்கள். பூனைகள், காளான்கள், தேவதைகள் என்று அழகழகாக ஆயிரம் கட்டுகள் கிடைக்கின்றன, அவையெல்லாம் பிறகு. ஸ்மித் எண் சீட்டுகளிலும் மனிதர்களையும் காட்சிகளையும் வரைந்திருக்கிறார் என்பதே இந்தப் பரிந்துரைக்குக் காரணம். பழைய பிரெஞ்சுப் பாணியான மார்செய் வகைக் கட்டில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகளும் கொஞ்சம் பூவேலையும் மட்டுமே இருக்கும். மூன்றாம் படியில் நாம் செய்யப்போகும் வேலைக்கு அது உதவாது. கைப்பேசிச் செயலிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை தற்செயலாக ஒரு சீட்டை எடுத்துத் தருவதோடு நின்றுவிடும். நமக்கோ ஒரு சீட்டைத் தேடியெடுத்து மேசையில் வைக்க வேண்டியிருக்கிறது. மெழுகுவர்த்தி, படிகக் கல், பட்டுத் துணி எதுவும் தேவையில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு கட்டாயம் தேவை.

படி 2: திருநாளின் நிலைச்சீட்டைக் கண்டுபிடித்தல்

ஒவ்வொரு திருநாளுக்கும் மாறாத சீட்டு ஒன்று உண்டு. அதைக் கட்டிலிருந்து பிரித்தெடுத்து, முகம் தெரிய முதலில் மேசையில் வைத்துவிட வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கணக்கு, 1888இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தினுடையது. வெயிட்டும் ஸ்மித்தும் அதில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். ஜாதகக் கட்டம் பார்த்துப் பழகிய தமிழருக்கு இந்தக் கணக்கு மிக எளிது. நெருப்பு ராசிக்குக் கோல், நீர் ராசிக்குக் கோப்பை, காற்று ராசிக்கு வாள், நில ராசிக்குக் காசு. சர ராசியானால் 2, 3, 4. ஸ்திர ராசியானால் 5, 6, 7. உபய ராசியானால் 8, 9, 10. ராசியின் முப்பது பாகையைப் பத்துப் பத்தாக மூன்று திரேக்காணங்களாகப் பிரித்து, வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு.

அக்டோபர் 31, சௌயின் நாளை எடுத்துக்கொள்வோம். சூரியன் விருச்சிகத்தில் ஏறத்தாழ எட்டாம் பாகையில் நிற்கிறது. விருச்சிகம் நீர் ராசி, ஸ்திர ராசி. எட்டாம் பாகை முதல் திரேக்காணத்தில் அடங்கும். ஆகவே நிலைச்சீட்டு கோப்பை ஐந்து.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் இடறுகிறார்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து, அக்டோபர் 31 என்றால் ஐப்பசி 14 அல்லவா, சூரியன் துலாத்தில் அல்லவா இருக்கிறது என்று கணக்குப் போட்டால், காற்று ராசி, சர ராசி, இரண்டாம் திரேக்காணம் என்று போய் வாள் மூன்றில் முடியும். ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைத்திருக்க, பின்னால் மழை பெய்யும் படம் அது. இறந்தோரை நினைக்கும் நாளுக்குத் துக்கச் சீட்டு பொருத்தமாகவே தோன்றுவதால் பிழை கண்ணில் படாது. அதே கணக்கை டிசம்பர் 21, யூல் நாளுக்குப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மார்கழி 6, தனுசு முதல் திரேக்காணம் என்று கோல் எட்டு வந்து நிற்கும். ஆண்டின் மிக நீண்ட இரவுக்கு, நீல வானில் விரைந்து பறக்கும் எட்டுக் கோல்களோடு எந்த உறவும் இல்லை.

நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ராசியை அளக்கும் நிராயன முறையைச் சார்ந்தது. மேற்கத்திய முறை, மார்ச் மாதச் சமநாளில் சூரியன் நிற்கும் புள்ளியையே மேஷத்தின் தொடக்கமாகக் கொள்ளும் சாயன முறை. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் இவ்விரண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகிக்கொண்டே வந்து, இன்று சுமார் 24 பாகை இடைவெளியில் நிற்கின்றன. நம் மகர சங்கராந்தி ஜனவரி நடுவில் வருவதும், மேற்கத்தியக் கணக்கில் சூரியன் டிசம்பர் 21 அல்லது 22இலேயே மகரத்தில் நுழைந்துவிடுவதும் இதனால்தான். பருவத்தை வைத்துச் செய்யும் இந்தப் பயிற்சிக்குச் சாயனமே பொருந்தும். நாட்காட்டியைத் திருப்பிவைத்துவிடுங்கள்.

சரியான கணக்கில், கதிரவனைச் சார்ந்த நான்கு திருநாள்களும் சர ராசியின் தொடக்கத்தில் விழுவதால் அவற்றின் சீட்டுகள் எல்லாமே இரண்டுகள்: யூலுக்குக் காசு இரண்டு, மார்ச் 20 ஒட்டிய ஒஸ்தாராவுக்குக் கோல் இரண்டு, ஜூன் 21 ஒட்டிய லித்தாவுக்குக் கோப்பை இரண்டு, செப்டம்பர் 22 ஒட்டிய மேபனுக்கு வாள் இரண்டு. மேபன் சமநாள், வாள் இரண்டிலோ கண்ணைக் கட்டிய பெண் ஒருத்தி இரு வாள்களை மார்பின் குறுக்கே சமமாக ஏந்தி அமர்ந்திருக்கிறாள். அயர்லாந்து மரபின் நான்கில், சௌயினைப் பார்த்துவிட்டோம். பிப்ரவரி 1, இம்போல்குக்கு வாள் ஆறு. மே 1, பெல்டேனுக்குக் காசு ஆறு. ஆகஸ்ட் 1, லூனசாவுக்குக் கோல் ஐந்து. லூனசா, போட்டி விளையாட்டுகளுக்குப் பேர்போன அறுவடைத் திருநாள். கோல் ஐந்தில் ஐந்து இளைஞர்கள் கோல்களை ஓங்கி மோதிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் காயமில்லை.

படி 3: படத்திலிருந்தே இடங்களை எடுத்தல்

"இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்" என்ற மூன்று சீட்டு அமைப்பு எல்லா இடத்திலும் கற்றுத்தரப்படுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. எல்லா நாளுக்கும் பொருந்துவது எந்த நாளுக்கும் கூர்மையாக இருப்பதில்லை. நிலைச்சீட்டின் படத்தை உற்றுப் பாருங்கள். கோப்பை ஐந்தில் கருப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்கின்றன. தொலைவில் ஓர் ஆறு, அதன்மேல் பாலம், அக்கரையில் சிறு கோட்டை. சௌயினுக்கான மூன்று இடங்களும் இதிலேயே இருக்கின்றன: கவிழ்ந்தது எது, நான் திரும்பிப் பார்க்காமல் இருப்பது எது, பாலம் எது.

இனி மீதமுள்ள சீட்டுகளைக் கலைத்து, வெட்டி, மூன்றை எடுத்து அந்த வரிசையில் வையுங்கள். தலைகீழாக வந்தால் நிமிர்த்திவிடுங்கள். மூன்றே சீட்டுகளை வைத்துப் படிக்கும்போது தலைகீழ்ப் பொருள் குழப்பத்தையே கூட்டும்.

வேலையை விட்டுவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பவருக்குக் கோல் பத்து, காசு எட்டு, துறவி என்ற மூன்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். கவிழ்ந்த இடத்தில், பத்துக் கோல்களை முகம் மறையக் கட்டித் தூக்கிச் செல்பவர். போனதில் பாதி சுமைதான் என்பதை அவர் நினைவூட்டலாம். பார்க்காத இடத்தில், விசிப்பலகையில் அமர்ந்து காசைச் செதுக்கும் தொழிலாளி. வேலை போனாலும் கையில் உள்ள தொழில் போகவில்லை. பாலத்தின் இடத்தில், பனிமலை உச்சியில் விளக்கேந்தி நிற்கும் துறவி. "விண்ணப்பம் போடாமல் தனித்திரு என்று உத்தரவு வந்துவிட்டது" என்று இதைப் படிக்கக் கூடாது. "யாரிடமும் கேட்காமல் நானே முடிவெடுக்க வேண்டியது எது" என்று சீட்டைக் கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பயிற்சியில் சீட்டுகள் கேள்வியைக் கூர்தீட்டித் தருகின்றன. பதிலை நாம்தான் எழுதுகிறோம். மருந்து, வழக்கு, கடன் தொடர்பான முடிவுகளை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

மற்ற நாள்களுக்கும் இதே வழிதான். யூலின் காசு இரண்டில் ஓர் இளைஞன் இரண்டு காசுகளை மாற்றி மாற்றி ஏந்த, பின்னால் கப்பல்கள் அலையில் ஏறி இறங்குகின்றன. இரு கைகளுக்கும் அலைக்கும் ஒவ்வொரு சீட்டு. இம்போல்கின் வாள் ஆறில் படகு, படகோட்டி, அமர்ந்திருக்கும் தாயும் பிள்ளையும், கூடவே ஏற்றிச் செல்லும் வாள்கள். மூன்று இடங்களை நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

படி 4: எழுதிவைத்தல்

நாள், நிலைச்சீட்டு, வந்த மூன்று சீட்டுகள், கேள்வியாக மாற்றிய மூன்று வாக்கியங்கள். அவ்வளவு போதும். அடுத்த திருநாள் ஏறத்தாழ ஆறரை வாரத்தில் வரும்; அன்று புதிதாகக் கலைக்கும்முன் பழைய பக்கத்தைப் படித்து, கீழே ஒரு வரி எழுதுங்கள். இடையில் அதே கேள்விக்கு மறுபடி சீட்டு எடுக்காதீர்கள். பிடித்த பதில் வரும்வரை கலைத்துக்கொண்டே இருக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் இரண்டு ஐயங்களை எழுப்பினார்கள். சௌயினை அக்டோபர் 31க்குப் பதிலாக, சூரியன் விருச்சிகத்தின் 15ஆம் பாகையை எட்டும் நவம்பர் 7 அளவில் கொண்டாடுவோரும் இருக்கிறார்களே என்பது ஒன்று. அந்தக் கணக்கில் அயர்லாந்து மரபின் நான்கு திருநாள்களும் ஸ்திர ராசியின் நடுவில் விழுவதால் நான்குக்கும் ஆறுகளே நிலைச்சீட்டாகும். இரண்டுகள் நான்கு, ஆறுகள் நான்கு என்று ஒழுங்காக அமையும். அது அழகுதான். ஆனால் சௌயினுக்குக் கோப்பை ஐந்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நீங்கள் எதை எடுத்தாலும் ஓராண்டு முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

மெல்போர்னில் வாழும் ஒரு வாசகர் கேட்டது இதைவிடக் கடினமானது. அங்கே அக்டோபர் 31 வசந்தகாலம் என்பதால், பேகன் வழியினர் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிவைத்து அன்று பெல்டேன் கொண்டாடுகிறார்கள். சூரியனோ அங்கும் விருச்சிகத்தில்தான் இருக்கிறது. வானத்தைப் பின்பற்றுவதா, மண்ணைப் பின்பற்றுவதா? மண்ணைத்தான் என்பது என் கருத்து. கேள்வி பருவத்திலிருந்து பிறப்பதால், பெல்டேனுக்குரிய காசு ஆறையே மெல்போர்னில் அன்று மேசையில் வைக்க வேண்டும். வடக்கே ஒருவர் கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நாளில், தெற்கே இருப்பவர் தராசு பிடித்துக் காசு வழங்கும் வணிகரையும் அவர் முன் மண்டியிட்டிருக்கும் இருவரையும் பார்த்து, எதைக் கொடுப்பது, யாரிடம் பெறுவது, தராசை யார் பிடித்திருப்பது என்று மூன்று சீட்டுகளை எடுத்துவைக்கலாம்.