வாடகை வீட்டு ஹாலில் செடி ரேக்: முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

செடி ரேக் வைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ரேக்கைத்தான் முதலில் வாங்குகிறார்கள். படத்தில் பார்த்த மாதிரியே சோபாவுக்குப் பக்கத்துச் சுவரில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாதம் போனால் கீழ் அடுக்கில் இருக்கும் செடிகள் வெளிறிப்போய், தண்டு நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கும். உரம் போட்டாலும் சரியாகாது, ஏனென்றால் குறை வெளிச்சத்தில் இருக்கிறது.

சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்காத சென்னை ஃபிளாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆகவே தரையில் நிற்கும் ரேக் மட்டும்தான் இங்கே. தொட்டி மாற்றுவது, பதியன் போடுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்குள் போகவில்லை.

படி 1: வெளிச்சத்தை அளப்பது

போனில் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமானதே போதும். ரேக் வைக்க நினைக்கும் இடத்தில், இலை இருக்கப்போகும் உயரத்தில், திரை மேல்நோக்கி இருக்கும்படி போனைப் பிடித்து, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு துல்லியமாக இருக்காது. ஆனால் ஓர் இடத்தையும் இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

நம் கண் இந்த விஷயத்தில் ஏமாற்றிவிடும். வெளியே நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஹாலின் உள்பக்கச் சுவர் நம் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் தெரியும், அங்கே மீட்டர் 100, 200 என்று காட்டும். ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் போன்ற பொறுமைசாலிகளுக்கே ஏறக்குறைய 300 முதல் 1,000 லக்ஸ் வரை வேண்டும். சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான், பெப்பரோமியா எல்லாம் 1,000-க்கு மேல் கிடைத்தால்தான் புது இலை விடும்.

ஜன்னல் எந்தத் திசை என்பதையும் பாருங்கள். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் சாய்வாக விழும். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும், அப்போது தெற்கு ஜன்னல் வழியாக வெயில் ஹாலுக்குள் சில அடி வந்துவிடும். மேற்கு ஜன்னலை மட்டும் கத்திரி வெயிலில் நம்பாதீர்கள். மெல்லிய வெள்ளைத் திரை இல்லாவிட்டால் இலையில் பழுப்புத் திட்டு விழுந்துவிடும். என் தேர்வு கிழக்கு ஜன்னல்தான். ரேக்கை அதற்கு நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டில் இரண்டு மூன்று அடிக்குள் நிறுத்துங்கள்.

படி 2: ரேக்கே போடும் நிழல்

பலருக்கும் செடி போவது இந்த இடத்தில்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்த ரேக்கிலும் மேல் அடுக்கின் பலகை கீழ் அடுக்கை மறைக்கிறது. மேல் அடுக்கில் 2,000 லக்ஸ் இருக்கும்போது, அதே ரேக்கின் கீழ் அடுக்கில், பலகையின் உள்பக்க ஓரத்தில், 200கூட இல்லாமல் போகலாம். நான்கு அடுக்கு ரேக் என்றால், வெளிச்சத்தைப் பொறுத்தவரை அவை நான்கு வெவ்வேறு இடங்கள். போனை ஒவ்வோர் அடுக்கிலும் முன் ஓரத்தில் ஒரு தடவை, பின் ஓரத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

இதற்கு மூன்று வழி. ஒன்று, முழுப் பலகைக்குப் பதில் கம்பி வலை அல்லது இடைவெளி விட்ட ரீப்பர் கட்டைகள் உள்ள ரேக். இரண்டு, பலகை ஆழம் ஓர் அடியைத் தாண்டாமல், அடுக்குகளுக்கு நடுவே குறைந்தது ஒன்றேகால் அடி விடுவது. மூன்று, விளக்கு.

விளக்கு என்றதும் ஊதா நிற குரோ லைட்டைத் தேடிப் போகாதீர்கள். இலைச் செடிகளுக்குச் சாதாரண வெள்ளை எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீளமான விளக்கு) போதும், ஹாலில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கும் அந்த வெளிச்சம் உறுத்தாது. மேல் பலகையின் அடியில் ஒட்டிவிடுங்கள். இலை நுனிக்கும் விளக்குக்கும் அரை அடியிலிருந்து ஓர் அடி இடைவெளி போதும். தள்ளிப்போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். பிளக் பாயிண்ட் டைமர் போட்டு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். 20 வாட் பேட்டன் அப்படி எரிந்தால் நாளுக்கு 0.24 யூனிட், இரண்டு மாத இ.பி. பில்லில் பதினான்கு, பதினைந்து யூனிட்தான் கூடும்.

படி 3: எந்த ரேக்

மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஓரத்தில் இறங்கினாலும் உப்பிவிடும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்காற்று படும் வீடுகளில் பெயிண்ட் உரிந்த இடத்தில் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும், அங்கே பவுடர் கோட்டிங் அவசியம். எனக்குப் பிடித்தது ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக், அதாவது வரிசையாகத் துளையிட்ட இரும்புச் சட்டங்களை நட்டு போட்டு இணைக்கும் ரேக். ஆபீஸ் ரேக் மாதிரி இருக்கிறது என்பார்கள். கறுப்பு அல்லது கரும்பச்சை பெயிண்ட் அடித்துச் செடிகளை ஏற்றியபின் ரேக் கண்ணிலேயே படாது. அடுக்கின் உயரத்தையும் நட்டைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

எடையைக் கணக்குப் போடாமல் வாங்காதீர்கள். எட்டு அங்குலத் தொட்டி நிறைய நனைந்த செம்மண் இருந்தால் ஏழெட்டுக் கிலோ வரும். தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், பெர்லைட் (லேசான வெள்ளைக் குருணை) கலவைக்கு மாற்றினால் கணிசமாகக் குறையும். கனமான தொட்டிகளைக் கீழ் அடுக்கில் வையுங்கள். துளை போட முடியாத வீட்டில் ரேக்கின் மேல் பகுதியை ஜன்னல் கிரில்லோடு இரண்டு கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். குழந்தை பிடித்து ஏறினாலும் சாயக் கூடாது.

படி 4: அடுக்கும் அழகு

வெளிச்சத்தை அளந்துவிட்டால் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும், எந்தச் செடி எங்கே என்பது அதிலேயே தெரிந்துவிடும். மிச்சம் ரசனை. தொட்டிகளுக்கு இரண்டு நிறம் போதும். நான் மண் நிறமும் வெள்ளையும் வைத்துக்கொள்கிறேன். கொசப்பேட்டை மண்தொட்டி கொள்ளை அழகு. ஆனால் போர் தண்ணீரின் உப்பு அதன் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் செடியைப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே விட்டு, அதை மண்தொட்டிக்குள் இறக்கி வைக்கிறேன்.

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு நிமிர்ந்த செடி, ஒரு புதர்ச் செடி, ஓரத்தில் தொங்கும் ஒரு கொடி. மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். நெருக்கி அடைத்தால் காற்று போகாமல் மாவுப்பூச்சி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். அகன்ற அக்லோனிமா இலைக்குப் பக்கத்தில் மெல்லிய ஸ்பைடர் பிளான்ட் இலை வந்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும். மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. கடித்தால் வாய் எரியும், வீங்கும். வீட்டில் சின்னப் பிள்ளையோ பூனையோ இருந்தால் அவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று நர்சரியில் சொல்வதை நம்பிச் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு ஆதாரமான 1989 நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. ஜன்னல் திறந்த ஹாலுக்கு அது பொருந்தாது.

படி 5: தண்ணீர்

ரேக்கில் வைத்தபடியே ஊற்றாதீர்கள். உள்தொட்டியை வெளியே எடுத்து, பாத்ரூமில் அடியில் வழியும்வரை ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். சில வாரம் இப்படிச் செய்தாலே கைக்கு எடை பழகிவிடும். காய்ந்த தொட்டி தூக்கும்போதே லேசாக இருக்கும், நனைந்தது கையை இழுக்கும். வாரம் இத்தனை முறை என்ற கணக்கைவிட எனக்கு இந்த எடை மேல் நம்பிக்கை அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது தொட்டி காய அதிக நாளாகும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கலத்தியாவின் இலை நுனி கருகுவதற்கு இந்த உப்பும் ஒரு காரணம்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்ட சில சந்தேகங்கள்

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஊற்றலாமா? ஊற்றலாம், அதில் உப்பு இல்லை. வாளியில் பிடித்து அன்றன்றே பயன்படுத்துங்கள். ஆனால் ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் ரேக் இருக்கக் கூடாது.

பாட்டிலில் வளரும் மணி பிளான்டை ரேக்கில் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிச் சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும் இந்தப் பாட்டில்களையும் தொட்டியின் அடித்தட்டுகளையும்தான். வைப்பதானால் வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கொட்டிவிட்டு அப்படியே நிரப்பினால் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாட்டில் பிரஷ் போட்டு உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அடித்தட்டுகளுக்கும் வெளித்தொட்டிகளுக்கும் அதே தேய்ப்பு வேண்டும்.