நாய் இடுப்பையா கடித்தது?

நாய் கடித்த காயத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். அமைதிப்படைக்குப் புறப்படும் நர்சிங் அசிஸ்டென்ட் பையன்களுக்கு, நாய்க்கடியில் ரேபிஸ் (வெறிநோய்) வராமல் தடுப்பது பற்றி வகுப்பு எடுக்கிறேன். காங்கோவில் நான் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள்.

சீரத்தை இடுப்பில் போடுவது

முகாமில் சுற்றிய நாய் ஒரு ஹவில்தாரின் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. எடை 60 கிலோ. கிலோவுக்கு 20 யூனிட் என்று 1,200 யூனிட் மனித இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை மடக்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்து, நாங்கள் சீரம் என்போம்), 8 மில்லி வந்தது. இதை ஒரு விரலில் எங்கே ஏற்றுவது? பயந்துபோய் இடுப்பில் குத்தினேன். பாதி போனபோது டாக்டர் வந்தார். "ஏம்பா, நாய் இடுப்பையா கடிச்சுது?" மீதியில் விரல் தாங்கிய அளவை அவரே காயத்தைச் சுற்றியும் ஆழத்திலும் மெதுவாக ஏற்றினார்.

தடுப்பூசி போட்டு எதிர்ப்பு சக்தி உண்டாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைக் கடிவாயிலேயே மடக்கத்தான் சீரம். இடுப்பில் போட்டால் விரலுக்கு வந்து சேர்வது சொற்பம். விலையுயர்ந்த மருந்து, ஐஸ் பெட்டியில் காத்துக் கொண்டுவந்தது, வீண். பல இடத்தில் கடித்திருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கிக்கொள்ளலாம். தடுப்பூசி தோளில், வேறு சிரிஞ்சில். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் சீரம் வேண்டாம். முன்பே முழு கோர்ஸ் முடித்தவருக்கும் வேண்டாம். அவருக்குத் தொடங்கும் நாளும் (0-ஆம் நாள்) அதிலிருந்து 3-ஆம் நாளும் தடுப்பூசி போதும்.

இத்தனையும் சொல்லிக்கொடுத்து, பயிற்சி பொம்மையைக் கொடுத்தால் பையன் நேராக இடுப்பைத் துடைக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நம்ம நாய்தான் சார்"

சோறு போட்ட நாய்க்கும் வெறி பிடிக்கும். ஆப்கானிஸ்தானில் 2011 ஜனவரியில் நாய் கடித்த 24 வயது அமெரிக்க வீரருக்கு முறையான சிகிச்சை கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, ஆகஸ்டில் நியூயார்க்கில் ரேபிஸில் இறந்தார். நடுவில் ஏழு மாதம் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்.

உடனே தையல்

வேண்டாம்.

சோப்பு

காயத்தைக் கழுவ வேண்டியது 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து.

தேதியை ரிஜிஸ்டரில் மட்டும் எழுதுவது

முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 14, 28-ஆம் நாள் என்று ஐந்து தடுப்பூசி. அதற்குள் ஆள் வேறு போஸ்ட்டுக்குப் போய்விடுவான், இல்லாவிட்டால் லீவில் ஊருக்கு. ரிஜிஸ்டர் நம்மிடமே கிடக்கும். அப்புறம் தேடி என்ன பயன்? ஒரு சீட்டில் தேதிகளை எழுதி அவன் பே-புக்குக்குள் (சம்பளப் புத்தகம்) வையுங்கள்.