ஆயில் லைட் எரியுதா? சுவிட்சை மாத்துறதுக்கு முன்னாடி பிரஷரை பாருங்க

மீட்டர்ல சிவப்பா ஆயில் கேன் மாதிரி, மூக்குல ஒரு சொட்டோட ஒரு லைட் இருக்கும்ல, அது ஓட்டிட்டு இருக்கும்போது எரிஞ்சா நிறைய பேர் உடனே சொல்றது "ஆயில் பிரஷர் சுவிட்ச் போயிருக்கும் சார், சின்ன பார்ட்தான், அப்புறம் மாத்திக்கலாம், ஓட்டுங்க"ன்னுதான். பல வண்டில அது சுவிட்சாவே இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா அதை உறுதி பண்றதுக்கு முன்னாடி ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, ஏன்னா நிஜமாவே பிரஷர் இல்லன்னா பேரிங்கும் கிராங்கும் ஆயில் இல்லாம உரசி கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் சீஸ் ஆயிடும், அதாவது இறுகி நின்னுடும். லைட் எரிஞ்சா ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இந்த சுவிட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும். மாருதி 800, ஆல்டோ மாதிரி சின்ன பெட்ரோல் வண்டில ஒரே ஒரு ஒயர்தான் இதுக்கு வரும். இக்னிஷன்ல இருந்து 12 வோல்ட் மீட்டர்ல இருக்கிற பல்ப் வழியா வந்து இந்த ஒயர்ல இறங்கி, சுவிட்ச் உள்ள போய், சுவிட்சோட உடம்பு வழியா இன்ஜின் பிளாக்ல எர்த் ஆகுது. சுவிட்ச் உள்ள ஒரு டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு), ஒரு ஸ்பிரிங், ஒரு காண்டாக்ட், அவ்வளவுதான். பிரஷர் இல்லாதப்போ காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும், லைட் எரியும். இன்ஜின் ஓடி ஆயில் பிரஷர் வந்ததும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கை தள்ளும், காண்டாக்ட் பிரியும், லைட் அணையும். அதனாலதான் சாவி ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த லைட் கண்டிப்பா எரியணும். எரியலன்னா சந்தோஷப்படாதீங்க, பல்ப் போயிருக்கும், ஒயர் கட் ஆகியிருக்கும், இல்ல சுவிட்சே போயிருக்கும், அதாவது பிரஷர் போனாக்கூட உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

இதுல முக்கியமான விஷயம், இந்த சுவிட்ச் மாறுற இடம் ரொம்ப கீழ, பொதுவா 0.2ல இருந்து 0.4 பார்ங்கிற பிரஷர் அளவு, டயர் காத்து அளக்குற கணக்குல 3ல இருந்து 6 பிஎஸ்ஐ. நல்ல இன்ஜின் சூடாகி ஐடிலிங்ல நிக்கும்போதே சுமார் 1 பார் காட்டும், ரோட்டுல போகும்போது 3, 4 பார் வரைக்கும் போகும். ஆக லைட் எரியுதுன்னா பிரஷர் குறைய ஆரம்பிக்குதுன்னு அர்த்தம் இல்ல, ஏற்கனவே போயிடுச்சுன்னு அர்த்தம். அதே மாதிரி லைட் எரியல அதனால பிரஷர் நல்லா இருக்குன்னும் சொல்ல முடியாது. ஆயில் லெவலையும் அது காட்டாது, அதுக்கு இன்ஜின்ல சொருகி இருக்கிற அளவு கம்பி, டிப்ஸ்டிக்தான்.

சரி, லைட் எரிஞ்சுது, ஆஃப் பண்ணியாச்சு. சமமான இடத்துல நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்க, கீழ் கோட்டுக்கும் கீழ இருந்தா காரணம் அதுவா இருக்கலாம், ஆயிலை மேல் கோடு வரைக்கும் ஊத்திட்டு எங்க ஒழுகுதுன்னு தேடுங்க. லெவல் சரியா இருந்தா சுவிட்ச்ல இருக்கிற ஒயரை கழட்டி எதுலயும் படாம வெச்சுட்டு சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. லைட் அணைஞ்சா ஒயர் நல்லா இருக்கு, ஒயர் கழட்டியும் எரிஞ்சா அது எங்கயோ உரசி பாடில எர்த் ஆகுது, சுவிட்ச் மேல பழி போடாதீங்க. லைட் எரியவே மாட்டேங்குதுங்கிற கேஸ்ல ஒயர் முனையை பிளாக்ல தொட்டுப் பாருங்க, எரிஞ்சா சுவிட்ச் போச்சு, எரியலன்னா பல்ப், ஃபியூஸ், ஒயர்னு போகணும். புது வண்டிங்கள்ல ரெண்டு மூணு ஒயர் வர்ற சென்சார் இருக்கும், அது கம்ப்யூட்டருக்கு அளவு அனுப்புற வேற ஐட்டம், அதுல இந்த மாதிரி எர்த் தொட்டுப் பாக்குற வேலை வேண்டாம்.

ஒயர் சரி, லெவலும் சரி, லைட் மட்டும் எரியுதுன்னா இப்பதான் நிறைய பேர் நேரா புது சுவிட்ச் வாங்கிடுறாங்க. தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி பாருங்க. சுவிட்சை கழட்டுன அதே ஓட்டையில அடாப்டர் போட்டு கேஜை மாட்டி ஸ்டார்ட் பண்ணா சில செகண்ட்ல முள் எழும்பணும். எழும்பலன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க. எழும்பினா இன்ஜினை சூடாக்கி ஐடிலிங்ல ஒரு தடவை, 3000 ஆர்பிஎம்ல ஒரு தடவை முள்ளை பாத்து உங்க வண்டி மேனுவல் அளவோட ஒப்பிடுங்க. அளவு சரியா இருந்தா தப்பு சுவிட்ச் மேலதான், தைரியமா மாத்தலாம். கம்மியா இருந்தா சம்ப்ல (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) ஸ்ட்ரெய்னர் வலை அடைப்பு, ஆயில் பம்ப் தேய்மானம், பேரிங் தேய்மானம், தப்பான கிரேடு ஆயில், இதுல ஏதோ ஒண்ணு. சூடானதுக்கு அப்புறம் சிக்னல்ல நிக்கும்போது மட்டும் லைட் லேசா மினுக்கி ஆக்சிலேட்டர் தொட்டதும் அணையற வண்டிங்க பெரும்பாலும் இந்த பேரிங் கேஸ்தான், அதுக்கு புது சுவிட்ச் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, கெட்டி ஆயில் ஊத்தி லைட்டை அடக்குறதும் வைத்தியம் இல்ல.

சுவிட்ச் மாத்துறதுக்கு இன்னொரு நியாயமான காரணம் ஒழுகல். டயாஃப்ரம் கிழிஞ்சா ஆயில் சுவிட்ச் நடுவுல இருக்கிற டெர்மினல் வழியாவே கசிஞ்சு கனெக்டருக்குள்ள நிக்கும். ரப்பரை இழுத்து பாத்தா உள்ள ஈரமா இருந்தா சந்தேகமே வேண்டாம், அது போச்சு.

இப்ப மாத்துற வேலை. இன்ஜின் ஆறி இருக்கணும், சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கத்துல கை போகும். கீழ இருந்துதான் எட்டும்னா ஜாக்கை மட்டும் நம்பி படுக்காதீங்க, ஸ்டாண்ட் வைங்க. பெரும்பாலும் ஆயில் ஃபில்டரை ஒட்டியோ பிளாக் பக்கவாட்டிலயோ சுவிட்ச் இருக்கும். ஆயிலை வடிக்க தேவையில்ல, கழட்டும்போது கொஞ்சம்தான் சொட்டும், கீழ ஒரு தட்டும் கையில பனியன் வேஸ்ட்டும் போதும். பல ஜப்பான் வகை சுவிட்சுக்கு 24 மில்லிமீட்டர் நீள சாக்கெட் உக்காரும், இடுக்கி போட்டு திருகினா தலை தனியா வந்துடும், மரை உள்ளயே நின்னுடும்.

பழைய சுவிட்சையும் புதுசையும் பக்கத்துல வெச்சு மரையை ஒப்பிடுங்க, இங்க அவசரமே கூடாது. ஜப்பான் வண்டிங்கள்ல அதிகமா வர்றது 1/8 பிஎஸ்பிடிங்கிற டேப்பர் மரை, அதாவது முனை பக்கம் சிறுத்துக்கிட்டே போறது, ஒரு இன்ச்சுக்கு 28 மரை. அமெரிக்க வகை 1/8 என்பிடில 27. பாக்க ஒண்ணு போலவே இருக்கும், கையால ரெண்டு சுத்து உள்ளயும் போகும், அப்புறம் இறுகும், அதை பலம் போட்டு திருகினா அலுமினிய ஹவுசிங் விரிசல் விடும். ஒரு சின்ன சுவிட்சுக்காக பம்ப் ஹவுசிங்கே மாத்துற நிலைமை வரும். ஒரிஜினல் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்க. கேஜ் அடாப்டருக்கும் இதே கதைதான்.

புது சுவிட்ச் மரையில ஏற்கனவே கலர் பூச்சு இருந்தா வேற எதுவும் தடவாதீங்க, வாஷரோட வந்தா வாஷர் போதும். பூச்சு இல்லாத டேப்பர் மரைன்னா திரவ சீலன்ட் கொஞ்சமா, முனையில ரெண்டு மரையை விட்டுட்டு. டெஃப்லான் டேப்பை சுத்து சுத்துன்னு சுத்தாதீங்க, ஒண்ணு எர்த் சரியா கிடைக்காம போகலாம், ரெண்டாவது டேப் துண்டு பிச்சுக்கிட்டு ஆயில் வழிக்குள்ள போயிடும். கையால முடிஞ்ச வரைக்கும் நேரா ஏத்திட்டு அப்புறம் எவ்வளவு இறுக்கம்னு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச், பெரும்பாலும் 12ல இருந்து 15 நியூட்டன் மீட்டர்தான், மேனுவல்ல வேற இருந்தா அதை வைங்க. பைப் சொருகி நீட்டி இறுக்குற வேலையே இங்க கிடையாது.

கனெக்டரை நல்லா துடைச்சு மாட்டி, சாவி ஆன் பண்ணா லைட் எரியணும், ஸ்டார்ட் பண்ணா சில செகண்ட்ல அணையணும். அஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு டார்ச் அடிச்சு சுவிட்ச் அடியில பாருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து திரும்பவும் விரலால தடவி பாருங்க. ஈரம் இருந்தா உடனே இன்னும் இறுக்காதீங்க, கழட்டி மரையை துடைச்சு சீலன்ட் புதுசா போட்டு மாட்டுங்க. சிந்தின பழைய ஆயிலை முதல்லயே துடைச்சு வெச்சிருந்தா இந்த சோதனையில குழப்பம் வராது. கடைசியா டிப்ஸ்டிக் பாத்து லெவல் குறைஞ்சிருந்தா அதே கிரேடு ஆயிலை ஊத்திக்குங்க.